பங்காளி காட்டில் பாடம் கேட்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

இங்கே மாடு இரண்டும் சுகம். உன் அம்மா முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி சுகம். என் கோபமும் ஒரு குறைவும் இல்லாமல் சுகமாகவே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேனுங்கப்பா" என்று என் முதுகைப் பார்த்துச் சொன்னாய். நான் திரும்பாமல் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்து வழிந்துகொண்டிருந்ததை நீயும் பார்த்திருப்பாய். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எட்டாவது வரை போனவள், என் பேச்சைச் சீவிச் சிங்காரித்துத்தான் எழுதுவாள். கோபத்தை மட்டும் சீவிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். இதை நீ உன் வகுப்புக்காரர்களின் குழுவில் போட்டாலும் போட்டுக்கொள். நாலு பேர் படித்து, அப்படியே சுற்றிச் சென்னியப்பன் காதுக்குப் போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ கேட்டது இரண்டு. பெர்மாகல்ச்சர் என்று, இயற்கையின் போக்கில் விவசாயம் செய்யக் கற்றுத்தரும் பதினைந்து நாள் வகுப்புக்குப் போய்வந்தேன், அது ஆரம்பம்தான், இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்ள என்ன வழி என்று கேட்டாய். அடுத்த தையில் துடியலூர் வீட்டை விட்டுவிட்டு மருமகனோடு இங்கேயே வந்து, நம் ஆறு ஏக்கர் காட்டையும் அந்த முறையில் திருத்தப்போவதாகச் சொன்னாய். அதுவரை எனக்குச் சந்தோஷம். அடுத்த வாயில், "சென்னியப்பன் பெரியப்பா காட்டுல பத்து நாள் இருந்து பார்க்கட்டுங்களா?" என்று கேட்டாய். சென்னியப்பன் யார் என்று உன் கூட்டாளிகளுக்கும் தெரியட்டும். என் பெரியப்பன் மகன், எனக்கு மூன்று வயது மூத்த பங்காளி. நம் காட்டுக்கு மேட்டுப் பக்கம் அவன் காடு, நடுவில் ஒரே ஒரு வேலி. முப்பது வருஷமாக அவன் வீட்டில் நாங்கள் கை நனைத்ததில்லை, எங்கள் வீட்டுப் பந்தலில் அவன் நிழல் விழுந்ததில்லை. அவனிடம் போய்ப் பாடம் கேட்க என் மகள் என்னிடமே அனுமதி கேட்கிறாள்.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று இந்த எட்டு நாளும் யோசித்தேன். வெள்ளைத் தாளில் நம் காட்டை வரைந்து கொண்டுவந்து கட்டிலில் விரித்தாய். மூன்று குச்சியைக் கூட்டிக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதை வைத்துக்கொண்டே நிலத்தின் மட்டம் பார்த்தாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, "ஏனுங்கப்பா, நம்ம காட்டுல மழத்தண்ணி எங்க நிக்கும்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. மேல்காற்று எந்தப் பக்கம் மண்ணை அள்ளுகிறது என்று கேட்டாய். அதுவும் தெரியாது. வாய் சும்மா இருக்காமல், "சென்னியப்பங் காட்டுலன்னா தெக்கு மூலையில நிக்கும், அங்க ரெண்டாவது வெள்வேலமரத்துக்கிட்ட ஓடி வந்து திரும்பும்" என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். "அப்ப நம்ம காட்டப் பத்திப் பெரியப்பாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அவரையே கேட்டுக்கறேன்" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், ஆனால் அதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது.

முதலில் என் கணக்கில் இருக்கும் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் கொறங்காடாக இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மரத்தடியில் கொழுக்கட்டைப் புல், அதில் செம்மறிகள். உழவு இல்லை, உரம் இல்லை. மழை தவறின வருஷமும் ஆட்டுக்கு வெள்வேலங்காய் உதிரும். உன் வகுப்பில் கடைசி நாள் ஒரு படம் காட்டி, மனிதன் செய்த காடுகளில் இதற்கு மேல் நல்ல மாதிரி கிடையாது என்று சொன்னார்களாமே, அதே கொறங்காடுதான். நீ அந்தப் படத்தைக் கைப்பேசியில் எனக்குக் காட்டியபோது நான் இருமிக்கொண்டே எழுந்து போனேன். இருமல் வரவில்லை கண்ணு. அந்தப் படத்தில் இருந்ததை என் கையால் அழித்தவன் நான்.

அழிக்க வைத்தவன் சென்னியப்பன். மேட்டில் பெய்கிற மழை இரண்டு காட்டுக்கும் நடுவே வேலிக்கடியில் ஒரு கடவு வழியாக நம் காட்டுக்கு இறங்கும். எங்கள் அப்பன்கள் காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு ஐப்பசிக்கு முந்தி அதைக் கல் வைத்து அடைத்து, மண் கரையும் போட்டுவிட்டான். நான் போய்க் கேட்டேன். "ஏனுங்ணா, தண்ணி வர்ற வழிய அடைச்சுப்போட்டீங்களே, இது நாயமுங்களா?" அவன் வெற்றிலையைக் கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. "எங்காட்டுல பேஞ்ச மழ எங்காட்டுலயே நிக்கட்டுமுங்க தம்பி. உங்களுக்கு வேணுமின்னா உங்க காட்டுல பேயறதப் புடிச்சு வெச்சுக்குங்க" என்றான். அந்தச் சொல் முப்பது வருஷமாக நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நீ வகுப்பிலிருந்து வந்து முதல் பாடம் என்று எனக்கு ஒப்பித்தாய் பார், மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும், ஓடவிடக்கூடாது, நடக்கவைக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும் என்று. அவன் என்னைக் குத்துவதற்காகச் சொன்னதும் அதுதானே. குத்தினவன் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அந்தப் பாடத்தை முப்பது ஐப்பசி தள்ளிவைத்தேன். கற்றுக்கொள்வதற்கு முதல் வழி இதுதான் கண்ணு: சொன்னவன் யாராக இருந்தாலும் சொல்லை மட்டும் வாங்கிக்கொள். ஆளை மன்னிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. பழிக்குப் பழி என்று பொதுவேலியை வெட்டினேன். கிளுவைத் தழையை அவன் ஆடு கடிக்கக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். இரண்டு நாள் அரிவாளும் கையுமாக நின்று வேலி முழுவதையும் வெட்டிச் சாய்த்து வண்டித்தடத்தில் வீசிவிட்டு, கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தேன். வேறு ஊர்க்காரன் பகை வந்தால் எதிரியின் பயிரை அழிப்பான். நம் ஊர்க்காரன் தன் வேலியை வெட்டிக்கொண்டு, எதிரி ஆடு பட்டினி கிடக்கும் என்று காத்திருப்பான். அவன் என்ன செய்தான் தெரியுமா? வண்டித்தடத்தில் கிடந்த போத்துகளை அள்ளிக்கொண்டு போய், மழைக்கு முன்னால் தன் எல்லைக்குள் வரிசையாக ஊன்றிவிட்டான். கிளுவைக்கு வேர் வேண்டியதில்லை, குச்சி போதும். இன்றைக்கு அவன் காட்டைச் சுற்றி மார் உயரத்துக்கு நிற்பது நான் வெட்டிப்போட்ட வேலி. காலையில் கண் விழித்தால் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

வேலி போனதும் ஆடிக்காற்று நேராக உள்ளே வந்தது. பாலக்காட்டுக் கணவாயில் புறப்படுகிற காற்றுக்கு நம் காட்டில் தடுக்க ஒரு குச்சி இல்லை. புல் காய்ந்தது. அவனைவிட மேலே வரவேண்டும் என்று வெள்வேல மரங்களைச் சாய்த்து, கொறங்காட்டை உழுது, தென்னை வைத்தேன். ஆழ்குழாயை நம்பி வைத்த தென்னை. அது கையை விரித்த வருஷம் ஒவ்வொரு மரமாகக் கொண்டை சரிந்தது. அந்த வருஷம்தான் உன் அத்தை மகன் கல்யாணம். பந்தி நிறைய ஆட்கள், எனக்கு எதிர்வரிசையில் அவன். இலையிலிருந்து நிமிராமல், "ஏனுங்க தம்பி, உங்க தோப்புல எளநி போடறதுக்கு மரமேறவே வேண்டியதில்லையாட்ட இருக்குது? மரமே எறங்கி வந்துருதுங்களாமா?" என்றான். பந்தி முழுதும் சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். எழுதுகிறாளா பார், அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன். நான் பாயசத்துக்கு முன்னால் எழுந்து வந்தவன். அன்றைக்கு முடிவு செய்தேன்: இந்தக் காடு ஒரு நாள் பச்சை பிடிக்கவேண்டும், அதை இவன் உட்கார்ந்து பார்க்கவேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு மிச்சம் இல்லை.

அன்றிலிருந்து தினமும் கம்பிவேலி ஓரம் நின்று அவன் காட்டைப் பார்த்தேன். எங்கே கெடும், எப்போது கெடும் என்று பார்த்தேன். பகைக்காரன் பார்ப்பது மாதிரி யாரும் பார்ப்பதில்லை கண்ணு. பாசக்காரன் தன் காட்டில் தான் நினைத்ததைத்தான் பார்ப்பான். அவன் காட்டில் கோரை முளைத்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, நெருஞ்சி படர்ந்த இடத்தில் மண் இறுகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆட்டை ஒரு துண்டத்தில் பத்து நாள் அடைத்து மேய்த்துவிட்டு, அடுத்த துண்டத்துக்கு மாற்றி, முதல் துண்டத்துப் புல் விதை உதிர்க்கும்வரை படலைத் திறக்காமல் இருக்கிறான் என்று தெரிந்தது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நீ கேட்ட ஆழம் இதுதான். நம் காட்டை ஒரு வருஷம் அப்படிப் பார். பிடிக்காதவன் காட்டைப் பார்ப்பது மாதிரி, குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு பார். மழை கொட்டும்போது வீட்டுக்குள் ஓடிவராதே. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீர் எந்த வழியில் போகிறதோ அதன் பின்னாலேயே நட. ஆடியில் ஒரு கைப்பிடி சாம்பலைத் தூவிக் காற்று எங்கே கொண்டுபோகிறது என்று பார். பார்த்ததை அன்றன்றைக்கே நோட்டில் எழுது. எனக்கு எழுதாமலே நினைவு நின்றது, பகை வைத்தவனுக்கு மறதி வராது. உனக்கு யார் மீதும் பகை இல்லை, அதனால் நோட்டு வேண்டும்.

கைப்பேசியில் வீடியோ பார்க்கிறாய், பார். ஆனால் அதில் காய்த்த மரத்தைத்தான் காட்டுவார்கள். செத்த மரம் எங்கே என்று கேட்டு எழுது. பதில் போடுகிறவனிடம் மட்டும் போய்ப் பழகு. ஒருவர் தோட்டத்தைப் பார்க்கப் போவதானால் கார்த்திகையில் போகாதே, அப்போது முட்டாள் காடும் பச்சையாக இருக்கும். சித்திரைக் கடைசியில் போ. பெரிதாக எதையும் ஆரம்பிக்காதே. சமையலறைத் தண்ணீர் போகிற இடத்தில் நாலு சென்ட் எடுத்து, அதில் எல்லாத் தப்பையும் செய்து முடி. பல்லடத்துக் கோழிப்பண்ணை எருவை ஈரம் காயாமல் கொண்டுவந்து முருங்கைக் கன்றுக்குப் போட்டேன், ஒரே வாரத்தில் நாற்பது கன்றும் கருகிப்போயின. மூன்று மாதம் மட்கவிட்டுப் போடவேண்டும் என்று மேட்டுக்காட்டுக்காரனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பை நாலு சென்டில் செய்தால் பாடம். ஆறு ஏக்கரில் செய்தால் நான்.

இதை எழுதும்போது உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனுங்க, எல்லாஞ் சரி. புள்ள போலாமா வேண்டாமா? அதச் சொல்லாம ஊர்க்கதையெல்லாம் எழுதச் சொல்றீங்க. எங்கையி வலிக்குது" என்றாள். "எழுதறவளுக்கு என்ன அவசரம்?" என்றேன். "எழுதறவளுக்குத்தானுங்க அவசரம். கோவிச்சுக்கறவிய சும்மாதான உக்காந்திருக்கறீங்க" என்கிறாள். சரி, சொல்கிறேன்.

நேற்றுக் காலை வெயில் ஏறுவதற்குள் நான் மேட்டுக்காட்டுக்குப் போனேன். அவன் கூரைச் சாளைக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்து வெள்வேலங்காயைத் தூசு போகப் புடைத்துக்கொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன், என் முகத்துக்கு நேராகப் பார்த்து, "யாருங்க அது?" என்றான். திமிரைப் பார் என்று எனக்கு ரத்தம் ஏறியது.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களா? பொதுவேலிய வெட்டுனவன்" என்றேன்.

"அடேடே, தம்பியா! முப்பது வருசங் கழிச்சு வந்திருக்கறீங்க, மழ வருமாட்ட இருக்குது. உக்காருங்க."

"உக்கார வரலீங்க. எம்புள்ள உங்க காட்டுக்கு வாரேங்கறா. எங்காட்டப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் ஒண்ணு உடாமச் சொல்லிப்போடோணும்."

"உங்க காட்டப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

"நாங் கெட்டுப்போறதப் பாத்துட்டே நின்னீங்கல்ல, அதுல தெரிஞ்சிருக்குமுங்க."

அவன் சிரித்தான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு சொன்னான்: "கெழக்கால வேப்பமரத்துக்குக் கீழ, பத்தடி தள்ளி. எந்த மழைக்கும் அந்த எடத்துல நாலு நாளு ஈரம் நிக்கும். உங்க காட்டுலயே அது ஒண்ணுதானுங்க உருப்படியான எடம். நீங்க அங்க கொண்டுபோயி மாட்டுச்சாளயக் கட்டுனீங்க. அன்னைக்கே எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், போச்சு, இருந்த ஒரு நல்ல எடத்துலயும் சாணியக் கொட்டிப்போட்டாருன்னு."

கண்ணு, நம் மாடுகளுக்கு மழைக்கு மழை குளம்பு அழுகுகிறதே, எத்தனை வைத்தியரைக் கூட்டிவந்தோம்! "இதை ஏனுங்க அன்னைக்கே சொல்லுல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?" என்றான். கேட்டிருக்க மாட்டேன்தான். அவன் வீட்டுக்காரி மோர் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"சரி, புள்ள வந்து கத்துக்கிட்டு என்ன பண்ணப் போவுதுங்க?" என்றான்.

"உங்க காட்டவிட நல்லாப் பண்ணுவா. இதே கட்டல்ல உக்காந்துட்டு நீங்க பாக்கோணும்."

"பாக்கறதுக்கென்னங்க தம்பி, எனக்கும் ஆசதான். கண்ணுதான் இல்ல. ஒண்ணு சக்கரையில அவிஞ்சே போச்சு. இன்னொண்ணு ஒரு வருசமோ ரெண்டு வருசமோங்கறாரு டாக்டரு. உங்களையே இப்பக் கொரல வெச்சுத்தானுங்க தெரிஞ்சுது."

நான் அப்படியே திரும்பி நடந்தேன். பாவம் என்று நினைத்தேன் என்று எண்ணாதே. மோசம் போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷம் ஒருவனுக்குக் காட்டுவதற்காக ஒன்றைச் சேர்த்துவைத்திருக்கிறேன், அவன் கண்ணை மூடிக்கொள்ளப் பார்க்கிறான். இதையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போவானா?

அதனால் நீ போ. தைக்குக் காத்திருக்காதே, இந்த வெள்ளிக்கிழமையே போ. மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. பத்து நாள் போதாது, அவன் தலைக்குள் இருப்பது மொத்தமும் உன் நோட்டுக்கு வரும்வரை இரு. அவன் காட்டைப் பற்றிக் கேள், அதைவிட நம் காட்டைப் பற்றிக் கேள். எதையும் மிச்சம் வைக்காமல் வாங்கு, போகும்போது அவன் வெறும் ஆளாகப் போகவேண்டும். ஆனால் அங்கே கை நனைக்காதே, தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு போ. (கண்ணு, இது அப்பா சொன்னதல்ல, அம்மா எழுதுகிறேன். பெரியம்மா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வா. இந்த வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டமாட்டேன்.)

திரும்பி வந்ததும் மரத்தில் ஆரம்பிக்காதே. மரத்துக்குப் பத்து வருஷம் வேண்டும், அவனுக்கு அவ்வளவு வருஷம் இல்லை, எனக்கும் இல்லை. மரத்தை அதன்பாட்டுக்கு வை. முதல் மழைக்கு மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கரிலும் கொழுக்கட்டைப் புல்லை விதை. புல் ஒரே மழையில் எழும்பும். ஒற்றைக் கண்ணில் பச்சை மட்டுமாவது அவனுக்குத் தெரியும். அதற்குள் அந்தக் கண்ணும் போய்விட்டால், போகட்டும், காது அவனுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தேன், அதற்கும் பின்னாலிருந்து பதில் சொன்னான். புல் வந்ததும் செம்மறி வாங்கு. ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றின் கழுத்திலும் மணி கட்டு. கட்டி, அவன் கட்டில் கிடக்கிற எல்லை ஓரமாகவே மேயவிடு. எத்தனை ஆடு என்று அவன் படுத்தபடியே எண்ணட்டும். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, சரியாக எண்ணுகிறானா என்று பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பன்